இரண்டாவது கம்பியில் கட்டிய கொடி

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இத்ரீஸைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஈஸ்வரபாண்டியின் தோட்டத்து நடுவில் நிற்கிற முப்பத்து மூன்று அடிக் கோபுரத்தில் வாரம் ஒரு தரம் ஏறினால் போதும் என்று அவனை வேலைக்கு வைத்தவர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். இந்த மனிதனோ தினமும் ஏறுகிறான். நாற்பத்தேழு வயது. வலது முழங்கால் பாதி நாள் மடங்க மறுக்கும். அப்படியும் இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குறுக்குக் கம்பியையும் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். "என்ன பாய், மேல மாடி கட்டப் போறீகளா?" என்று கொடி கட்டுகிற பெண்கள் கேட்டால் பதிலே வராது. முன்பெல்லாம் அவனும் வாயாடிதான், ஒன்று கேட்டால் ஒன்பது திருப்பிக் கொடுப்பான். அந்த வாய் அடைத்துப்போன கதைதான் இது.

அவன் முதலில் இந்த வேலைக்காரனே இல்லை. கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் பம்ப்செட் மோட்டாருக்கும் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். வேளாண் கல்லூரிக்காரர்கள் ஈஸ்வரபாண்டியின் தோட்டத்தில் கோபுரம் நட்ட மறு வாரமே எலி ஒயரைக் கடித்து வைத்தது. ஒட்டுப் போட இத்ரீஸைக் கூப்பிட்டார்கள். ஒட்டுப் போட்டுவிட்டுப் பேசாமல் போயிருந்தால் அவன் இத்ரீஸ் இல்லை. "மேடம், கரண்டும் எடுக்கல, செல்போன் டவரும் இல்ல, இது எதுக்கு இங்கன நிக்கிது?" என்று ஆராய்ச்சிக்காரர் சுமையா மேடத்தைப் பிடித்துக்கொண்டான். அவர் அரை மணி நேரம் விளக்கினார். அவன் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டான். போகும்போது மேடம் அவனையே கோபுரத்துக்குப் பொறுப்பாக வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் சிக்கலானது ஒன்றுமில்லை. கோபுரத்தில் ஐந்து குறுக்குக் கம்பிகள். முதல் கம்பி பந்தலுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில். இரண்டாவது, பந்தலுக்கு இரண்டடி மேலே. மற்ற மூன்றும் அதற்கு மேலே மேலே, ஐந்தாவது உச்சியில். ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையில் காற்றுக்குச் சுற்றுகிற மூன்று கிண்ணங்கள், மறு முனையில் வெள்ளைச் சாஸர்களை அடுக்கிவைத்த மாதிரி ஒரு கூடு, அதற்குள் வெப்பமானி. எந்த உயரத்தில் காற்று எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு என்று அடியில் இருக்கிற பெட்டி சொல்லிவிடும்.

பகலில் தரை சூடாக இருக்கும், மேலே போகப் போகக் குளிரும். தை மாதத்து விடியலில் அது தலைகீழ். பந்தலுக்கு மேலே குளிர்ந்த காற்று படுத்துக்கொள்ளும், உயரத்தில் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் மருந்தடித்தால் அந்தப் பொடித் தூறல் மேலே போகவும் மாட்டாது, கீழே இறங்கவும் மாட்டாது. மலையிலிருந்து சரிகிற குளிர்காற்றோடு சேர்ந்து சத்தமில்லாமல் பக்கத்துத் தோட்டத்துக்கு நகரும். காற்று இல்லாத விடியல்தான் மருந்துக்கு நல்ல நேரம் என்று காலம் காலமாக நினைத்திருந்த, வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்கு இதை மண்டையில் ஏற்றுவதற்குள் இத்ரீஸுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. கடைசியில் ஒரே விதியாகச் சுருக்கினான். உச்சிக் கம்பி இரண்டாவது கம்பியைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் மருந்து கிடையாது.

தினமும் காலை ஆறு மணிக்குச் சம்சாரிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் அவனுடைய தகவல் வந்து விழும். ஐந்து வரி எண்கள், கடைசியில் 'அடிக்கலாம்' அல்லது 'அடிக்கக் கூடாது', அதற்குக் கீழே 'இத்ரீஸ், கோபுரம்'. காயில் கட்டியவனை யார் மதித்தார்கள்? இப்போது டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். காத்து சார் என்று கூப்பிடுகிறார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது, ஆனால் அவனுக்கு அது உள்ளூர இனித்தது. இனிக்கட்டுமே, அதில் என்ன தப்பு?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு தாழ்வான நிலத்தில், அனுசுயாவின் மல்பெரித் தோட்டம். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் வேலை. அனுசுயாவும் மருமகள் ஜோதிகாவும் இரண்டு பேராகப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு என்றால் சாதாரணப் பட்டதா? அந்தக் கொட்டகைக்குள் பவுடர் பூசிக்கொண்டு போகக் கூடாது, கொசுவர்த்தி கூடாது, பீடி குடித்த வாயோடு எட்டிப் பார்க்கக் கூடாது. தழையில் ஒரு சொட்டு மருந்து பட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

அதனால் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஈஸ்வரபாண்டி மருந்தடிக்கப் போகிறார் என்றால் முந்தின நாள் சாயங்காலமே வாய்க்கால் கரையில் நின்று, "ஆத்தா அனுசுயா, நாளைக்கு மருந்து, இன்னைக்கே தழைய வெட்டி வச்சுக்க!" என்று சத்தம் கொடுப்பார். கோபுரம் வந்த பிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. போனில்தான் வருகிறதே, பிறகு எதற்குத் தொண்டையைக் கிழிப்பானேன் என்று விட்டுவிட்டார். அனுசுயாவும் ஆறு மணிக்குப் போனைப் பார்ப்பாள். 'அடிக்கலாம்' என்றால் மருந்து இந்தப் பக்கம் நகராது என்று அர்த்தம், தைரியமாகத் தழை வெட்டலாம். இரண்டு தோட்டமும் இத்ரீஸின் ஒற்றை வார்த்தையில் நடந்துகொண்டிருந்தது.

கிளை வெட்டுகிற கவாத்து முடிந்து கொடிகள் துளிர்த்து ஓடுகிற சமயம். கொடி கட்டுகிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொங்குகிற கொடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பக்கத்தில் கம்பி இருந்தால் கம்பியில், கல்தூண் இருந்தால் கல்தூணில் சணலால் ஒரு கட்டுப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். பந்தலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கோபுரத்து இரண்டாவது கம்பி அவர்களுக்கு இன்னொரு பந்தல் கம்பி. நாலைந்து கொடியை இழுத்து அதில் கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் வெள்ளைச் சாஸர் கூடு இலைக்குள் புதைந்துபோனது.

செவ்வாய்க்கிழமை இத்ரீஸ் அதைப் பார்த்தான். தெரியாது என்று சொல்ல முடியாதபடி நன்றாகப் பார்த்தான். இலைப் போர்வைக்குள் இருக்கிற காற்று கதகதப்பாக இருக்கும், இரண்டாவது வெப்பமானி கூட்டித்தான் காட்டும் என்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சனிக்கிழமை எப்படியும் ஏறத்தான் போகிறோம், அப்போது வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மூன்று நாலு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்டியைப் பார்த்தான். இரண்டாவது கம்பி இருபத்தொன்று புள்ளி ஒன்று. உச்சி இருபத்தொன்று புள்ளி நான்கு. கிண்ணங்கள் ஒன்றும் அசையவில்லை. அப்போது தூரத்தில் யாரோ வைக்கோல் கொளுத்திய புகை மேலே எழும்பாமல் வாய்க்கால் ஓரமாகப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்தப் புகையையும் பார்த்தான். ஒரு நிமிஷம் விரல் நின்றது. பெட்டி சொல்வதைத்தானே போட வேண்டும், நான் சொந்தமாக என்னத்தைச் சொல்ல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு 'அடிக்கலாம்' என்று போட்டான். இத்ரீஸ், கோபுரம்.

ஆறேகாலுக்கு ஈஸ்வரபாண்டியின் தோட்டத்தில் பவர் ஸ்பிரேயர் இரைய ஆரம்பித்தது. இலைப்பேனுக்கு மருந்து. ஏழரைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அனுசுயாவும் ஜோதிகாவும் தழை வெட்டினார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஒப்பாரி மாதிரி ஒரு சத்தம் கேட்டு இத்ரீஸ் வாய்க்காலைத் தாண்டி ஓடினான். கொட்டகைக்குள் படுக்கை படுக்கையாகப் புழுக்கள் தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக வடிந்தது. இன்னும் நாலு நாளில் கூடு கட்ட ஏற வேண்டிய புழு, விரல் தடிமன். பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டே போயின. அனுசுயா ஒரு கொத்துத் தழையை மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிகா மூலையில் நின்றாள்.

"இத்ரீசு, நல்லவேள நீ வந்த," என்றாள் அனுசுயா. "நீ சொல்லு. பாண்டியண்ணன் அடிச்ச மருந்து காத்துல இங்கன வந்திருக்குமா?"

கேட்டாளே, நேராகக் கேட்டாளே. இதைவிட நல்ல சந்தர்ப்பம் அல்லா ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியுமா? இத்ரீஸ் வாயைத் திறந்தான்.

"இல்லக்கா. காத்தே இல்ல. கிண்ணம் அசையக்கூட இல்ல."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். சொன்னது பச்சைப் பொய்.

"அப்ப உள்ளுக்குள்ள இருந்துதான் வந்திருக்கு," என்று அனுசுயா திரும்பினாள். அவள் பார்வை ஜோதிகா மேல் நின்றது. "ஏத்தா, நேத்துச் சாயங்காலம் புள்ளைக்குத் தலையில என்னமோ தேச்சியே. என்னது?"

"பேன் மருந்து அத்தே." ஜோதிகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆனா மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் அத்தே. மூணு தரம்."

"பூச்சியக் கொல்ற மருந்தத் தொட்ட கையோட புழுவுக்குத் தழை போட்டிருக்கியே, பாவி!"

ஜோதிகா இரண்டு கைகளையும் பார்த்தாள். அப்புறம் இத்ரீஸைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வந்தவன் நேராகக் கோபுரத்துக்குப் போனான். செவ்வாய்க்கிழமை மடங்காத முழங்கால் இப்போது மட்டும் எப்படி மடங்கியதோ. ஏறி, கட்டியிருந்த சணலையெல்லாம் அறுத்து, கொடிகளைப் பிரித்துக் கீழே தள்ளினான். சணல் துண்டுகளைக்கூடப் போடாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெட்டி சொன்னது: இரண்டாவது கம்பி பதினெட்டு புள்ளி ஒன்பது, உச்சி இருபத்தொன்று புள்ளி மூன்று. அதே குளிர், அதே காற்றில்லாத விடியல். நேற்றும் இதேதான் இருந்திருக்கும் என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா? 'அடிக்கக் கூடாது' என்று போட்டான். இரண்டு தரம் அழித்து எழுதினான்.

புழுவையெல்லாம் குழி வெட்டிப் புதைத்தார்கள். மூன்றாம் நாள் ஜோதிகா ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தேவாரத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அனுசுயா போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. குழுவில் ஈஸ்வரபாண்டி பெருமையாக ஒரு குரல் செய்தி போட்டார்: "நம்ம இத்ரீசும் கோபுரமும் இருந்ததாலதான் தப்பிச்சேன். இல்லாட்டி அந்தப் பழி ஏந்தலையிலல்ல விழுந்திருக்கும்!" அதற்குக் கீழே பதினாலு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். இத்ரீஸ் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டான். வெறும் திட்டாக இருந்தால் இத்தனை வலிக்காது.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் முன் வரிசையில் நின்று பழகியவன் செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தான். சோறு இறங்கவில்லை. மனைவி பாஜிலா, "முட்டிக்கு மாத்திரை போட்டா வாய்க்கசப்பு வரத்தான் செய்யும்" என்று ரசம் வைத்துக் கொடுத்தாள். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். சொன்னால் காத்து சார் போய்விடுவார், டீக்கடையில் இடம் கொடுக்க மாட்டார்கள், கோபுரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். இந்த அற்பத்துக்காகத்தான் ஒரு வீட்டுப் பெண் மேல் பழியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பதினெட்டாம் நாள் பாஜிலா கோம்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். பஸ்ஸில் தேவாரத்துப் பெண் ஒருத்தியோடு பேச்சுக் கொடுத்திருக்கிறாள்.

"ஏங்க, அந்த ஜோதிகாப் புள்ளைக்கு ஒரு மாதிரி ஆயிருச்சாம்ங்க. எந்நேரமும் கையக் கழுவிக்கிட்டே இருக்காம். பெத்த மகளுக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்ட மாட்டேங்குதாம். கையில மருந்து இருக்கும்னு ஸ்பூன்லதான் குடுக்குதாம். மகளுக்கு மொட்டை வேற போட்டு விட்ருச்சாம்."

இத்ரீஸ் கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டான். பாஜிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஜோதிகாப் புள்ள நம்ம அபிதா வயசுங்க," என்றாள். அபிதா அவர்களுடைய மகள்.

அப்புறமாவது நேராகத் தேவாரத்துக்குப் போனானா? அதுதான் இல்லை. கோழை முதலில் தூரத்து ஆளிடம்தான் சொல்வான். மறுநாள் காலையில் சுமையா மேடத்துக்குப் போன் போட்டான். நடந்ததை எல்லாம் சொன்னான்.

"கொடி மூடியிருந்த நாட்களோட கணக்கை நான் நீக்கிடுறேன் இத்ரீஸ்," என்றார். "வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். அந்த வீட்டுக்கு உங்களுக்குப் பதிலா நான் போக முடியாது."

அடுத்தது ஈஸ்வரபாண்டி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா? ஆறிப்போனதக் கிளறிவிட்டா, அடிச்சது யார் மருந்துன்னுதான மொதக் கேள்வி வரும்? அந்தப் புள்ள நாலு மாசத்துல தானா வந்துரும். பேசாம இரு."

பேசாமல் இருக்க ஒரு ஆள் சொல்லிவிட்டால் எவ்வளவு சுகம்! இத்ரீஸ் இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்து பார்த்தான். முடியவில்லை. இருபதாம் நாள் சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டிப் போனான். அனுசுயா காலிக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கொடி கட்டியது, செவ்வாய்க்கிழமை பார்த்தது, புகை, சணல் அறுத்தது, ஒன்று விடாமல் சொன்னான். அனுசுயா சுண்ணாம்பு மட்டையை வாளியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு நான் ஒன்னியத்தான கேட்டேன் இத்ரீசு," என்றாள். "வேற யாரையும் கேக்கலயே. ஒன்னியத்தான கேட்டேன்."

"ஆமாக்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் தொலைச்சது புழு. அந்தப் புள்ள வாய்க்கு வாய் மூணு தரம் கழுவுனேன் மூணு தரம் கழுவுனேன்னுச்சே, நான் நம்பலயே. போ, மொத அவகிட்டப் போய்ச் சொல்லு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்னு எனக்கே தெரியல."

மறுநாள் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம் வழியாகத் தேவாரம் போனான். ஜோதிகாவின் அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்தாள். மொட்டைத் தலையோடு குழந்தை வாசலில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது. ஜோதிகா இளைத்துப்போயிருந்தாள். விரல்களெல்லாம் சோப்பில் ஊறி வெளிறித் தோல் உரிந்திருந்தது.

"வாங்கண்ணே. அத்த அனுப்புனாகளா?" என்று கேட்டாள். முகத்தில் சின்னதாக ஒரு ஆசை தெரிந்தது. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

இத்ரீஸ் டம்ளரைத் தொடவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. "புழு செத்தது ஒன்னால இல்லத்தா. என்னால," என்றான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பேன் மருந்து இல்லயா?" என்றாள்.

"இல்ல."

"கழுவுனேன்ல?"

"கழுவித்தான் இருப்ப. நீ கழுவுனதுல ஒரு கொறையும் இல்ல."

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். "மூணு தரமா ரெண்டு தரமான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. ரெண்டு தரம்தான் கழுவிருப்போம், அத்தைக்குப் பயந்துக்கிட்டு மூணுன்னு பொய் சொல்லிட்டோம்னே நெனச்சுக்கிட்டேன். நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டேன்." மூக்கைத் துடைத்தாள். "நல்ல வார்த்த சொன்னீக. மவராசனா இருப்பீக."

இத்ரீஸுக்கு அந்த வாழ்த்தைக் காதில் வாங்க முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

கொஞ்சம் ஆறிய பிறகு அவள், "இது எப்பண்ணே தெரிஞ்சது ஒங்களுக்கு?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நேத்து என்று சொல்லிவிடலாம். மேடம் கணக்குப் பார்த்துச் சொன்னாக என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள், அவனும் நல்லவனாகவே மொபெட்டில் ஏறிப் போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"அன்னைக்கே," என்றான்.

"அன்னைக்கேன்னா?"

"ஒங்க அத்த என்னையக் கேட்டாகள்ல, அப்பவே."

ஜோதிகா அவனையே பார்த்தாள். "நான் அங்கனதான நின்னேன்."

"ஆமா."

"ஒங்களப் பாத்தேனே. நீங்க என்னையப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

அவள் குனிந்து, ஸ்டூலில் இருந்த டம்ளரை, அவன் ஒரு வாய்கூடக் குடிக்காத காப்பியை, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.